கடு வினாக்களும் தருக்கப் பயிற்சியும்

சென்ற கோடை விடுமுறையில், நம் கலாசாலையிற் பி. ஏ. தேறி வெளிச்சென்ற பழைய மாணாக்கர் ஒருவர் என் இல்லத்திற்கு வந்திருந்தார். கையில் தடித்த குறிப்புப் புத்தகங்கள் மூன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சட்டம் பயில விரும்பி, அந்நாட்டுச் சட்டக் கலாசாலைகளின் நுழைவுப் பரீட்சையாகிய எல்ஸாட்டுக்கு அவர் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். நாள்தோறும் நாற்பது தருக்க வினாக்களுக்கு விடை குறித்து, தவறியவற்றிற்குச் சிவப்பு மையாற் பெருக்கற்குறி இட்டு, பக்கந்தோறும் அடியிற் கூட்டுத்தொகையும் கண்டு வைத்திருந்தார். முதற் புத்தகத்தின் முதற் பக்கத்திற் கண்ட தொகையும் மூன்றாம் புத்தகத்தின் இறுதிப் பக்கத்திற் கண்ட தொகையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. "ஐயா, இத்துணை வினாக்கள் போட்டும் முன்னேற்றம் இல்லை. ஆகவே எனக்கு இயற்கையிலேயே தருக்க அறிவு இல்லை என்பது தெளிவாயிற்று. தந்தையார் கடன்பட்டுச் சேர்க்கும் பணத்தைப் பாழாக்குவதினும், இம்முயற்சியை இன்றே விட்டுவிடுதல் நன்றல்லவா?" என்றார்.

அவர் கூற்றே அப்பரீட்சையில் வைக்கத்தக்க ஒரு வினாவாக அமைந்திருந்தது. "பல வினாக்கள் போட்டேன், பயன் இல்லை, ஆகவே எனக்கு ஆற்றல் இல்லை" என்னும் இவ்வாதத்தில், முன்னிரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் முடிவு அவற்றினின்று பிறக்கவில்லை. "யான் பயின்ற முறை செவ்விய முறையே" என்னும் மற்றொரு கூற்று, சொல்லப்படாமல் இடையே நின்று அம்முடிவைத் தாங்குகின்றது. அதனை உருவி எடுத்துவிட்டால் முடிவும் விழும். "தம்பி, நீர் உம்மைப் பற்றிக் கூறிய தீர்ப்பை ஒரு வாரம் ஒத்திவையும், முதலில் இப்புத்தகங்களைப் பார்ப்போம்" என்றேன். அவ்வொரு வாரத்தில் நாங்கள் ஆராய்ந்தவற்றைச் சட்டம் பயில எண்ணும் நம் மாணவருக்குப் பயன்படுமென ஈண்டு எழுதலானேன்.

அப்பரீட்சையின் அமைப்பை முதலிற் சுருக்கமாகக் கூறுவேன். எல்ஸாட் 1948-ஆம் ஆண்டில் முதன்முதலாக நடத்தப்பெற்றது. இப்பொழுது 120 முதல் 180 வரையுள்ள அளவில் மதிப்பெண் தரப்படுகின்றது. நெடுங்காலமாக அதில் ஒரு புதிர்ப் பகுதி இருந்தது. இன்னார்க்கு அருகில் இன்னார் அமரலாகாது என்பன போன்ற கட்டளைகளைக் கொடுத்து எழுவரை ஏழு நாற்காலிகளில் வரிசைப்படுத்துக என்பது அதன் போக்கு. அதற்கு விடை காண்போர் பெரும்பாலும் தாளிற் கட்டம் வரைந்தே காண்பர். ஆதலின் அது பார்வையற்றோர்க்கு நேர்மையான சோதனை ஆகாது என்று வழக்குத் தொடரப்பெற்றது. 2019-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. 2024 ஆகஸ்டுப் பரீட்சை முதல் அப்பகுதி நீக்கப்பெற்றது. அதன் இடத்தையும் தருக்க வினாக்களே பற்றிக்கொண்டன. இன்று மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளுள் இரண்டு தருக்கம், ஒன்று படித்தறிதல். நான்காவதாக மதிப்பெண் இல்லாத ஒரு பகுதியும் உண்டு. அது நான்கனுள் எது என்பது எழுதுவோர்க்குத் தெரியாது. ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிஷம். தருக்கப் பகுதி ஒன்றில் ஏறத்தாழ 25 வினாக்கள் இருக்குமாதலின், ஒரு வினாவிற்கு 84 விநாடியே கிடைக்கும். தருக்க வினாவின் வலி தளர்ச்சியே தேர்வின் வெற்றி தோல்வியைப் பெரிதும் முடிவுசெய்யும் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. ஒரு வினாவைக் கடு வினா ஆக்குவது யாது? சொற்கள் அரியனவாக இருத்தல் என்பர் பலர். என் அனுபவம் அதுவன்று. மிக எளிய சொற்களாலேயே மிகக் கடிய வினாவை ஆக்கலாம் என்பதற்கு, பீட்டர் வேசன் என்னும் ஆங்கில உளநூலறிஞர் 1966-இல் வெளியிட்ட நான்கு அட்டைப் புதிர் சான்றாகும். எழுத்துக்களை மட்டும் நம் மொழிக்கேற்ப மாற்றித் தருகின்றேன். மேசைமேல் நான்கு அட்டைகள் உள்ளன. ஒவ்வோர் அட்டையிலும் ஒருபுறம் எழுத்தும் மறுபுறம் எண்ணும் உண்டு. நமக்குத் தெரியும் பக்கங்களில் அ, க், 4, 7 என இருக்கின்றன. "ஒருபுறம் உயிரெழுத்து இருப்பின் மறுபுறம் இரட்டையெண் இருக்கும்" என்பது விதி. இவ்விதி மெய்யோ பொய்யோ என்று அறிய எவ்வெவ் அட்டைகளைத் திருப்புதல் வேண்டும்? மேலே படிக்குமுன் விடையை ஓரத்திற் குறித்துக்கொள்க.

அ-வையும் 4-ஐயும் திருப்புவேன் என்பவரே மிகப் பலர். சரியான விடை அ-வும் 7-உம். 4-இன் மறுபுறம் மெய்யெழுத்து இருந்தால் விதிக்கு யாதொரு பழுதும் இல்லை; இரட்டையெண் இருப்பின் உயிரெழுத்து இருக்கும் என்று விதி கூறவில்லை. 7-இன் மறுபுறம் உயிரெழுத்து இருந்துவிட்டாலோ விதி அக்கணமே முறியும். கற்றோரிடையேயும் பத்தில் ஒருவர்கூட இதனைச் சரியாகச் சொல்வது அரிது. ஆனால் 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்னும் இருவர், புளோரிடாவில் அதே புதிரை வேறு உடையில் மாணவர்க்குக் கொடுத்தனர்: "பீர் அருந்துபவர் பத்தொன்பது வயதைக் கடந்தவராக இருத்தல் வேண்டும்; யார் யாரைச் சோதிப்பீர்?" என்றபொழுது ஏறத்தாழ நான்கில் மூவர் சரியான விடை கூறினர். பீர் அருந்துபவரின் வயதையும், பதினாறு வயதினர் அருந்துவதையும் சோதிக்க வேண்டும் என்பது எவர்க்கும் விளங்குமன்றோ! தருக்கம் ஒன்றே; உடை மாறியது; அறிவு விழித்துக்கொண்டது. ஆகவே என் மாணாக்கர் தமக்கு இல்லை என்று வருந்திய ஆற்றல், உண்மையில் அவரிடம் உறங்கிக் கிடந்ததே.

இப்பிழையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மலையிற் புகை கண்டு நெருப்பு உண்டென்று அனுமானித்தல் நியாய நூலாரின் பழைய எடுத்துக்காட்டு. அதனைத் தலைகீழாக்கி, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்னலாமோ எனின், ஆகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு நெருப்பு மட்டும் போதாது, ஈரவிறகின் தொடர்பும் வேண்டும் என்று அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் விளக்குகின்றது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள், பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்னும் ஒவ்வொன்றிலும் தோன்றும் போலிகளை மணிமேகலைக்கு வகுத்துரைப்பதும் இத்துறையே. காப்பியச் சுவை நாடி வருவோர் அக்காதையைத் தாண்டிச் சென்றுவிடுவது வழக்கம். யானும் மாணவப் பருவத்தில் அவ்வாறே தாண்டியவன்.

ஆங்கிலத் தொடர்கள் நம்மவரைத் தடுக்கும் இடம் ஒன்று உண்டு. 'ஓன்லி இஃப்', 'அன்லெஸ்' என்னும் இரண்டுமே அவை. இவற்றைக் கண்டவுடன் மனத்திற்குள் நல்ல தமிழிற் சொல்லிப் பாருங்கள் என்று என் மாணாக்கர்க்குக் கூறினேன். "மழை பெய்தாலொழிய ஏரி நிரம்பாது" என்னும் வாக்கியத்தைக் கேட்ட எந்த உழவரும், ஏரி நிரம்பியிருக்கக் கண்டால் மழை பெய்தது என்பர்; மழை பெய்தது கேட்டவுடன் ஏரி நிரம்பிற்று என்று சொல்லமாட்டார். கரை உடைந்திருக்கலாம், வரத்துக்கால் தூர்ந்திருக்கலாம். அங்கத்தினர் மட்டுமே நூல் இரவல் பெறலாம் என்னும் விதியினின்று, அங்கத்தினர் எல்லாரும் பெறலாம் என்று முடிவு கட்டுவோர், மழையை மட்டும் கண்டு ஏரி நிரம்பிற்று என்பவரை ஒப்பர். முன்னது இன்றியமையாத நிபந்தனை. பின்னது போதிய நிபந்தனை. இவ்விரண்டையும் மயங்காமற் பிரித்தறியும் ஒருவர் பரீட்சையின் வாயிலைக் கடந்துவிட்டார் எனலாம்.

இனி, என் மாணாக்கரின் புத்தகத்தில் அடிக்கடி சிவப்புக்குறி பெற்றிருந்த வினா வகை ஒன்றை விரிவாக நோக்குவோம். பரீட்சை வினாவை எடுத்தெழுதாமல் அதன் மாதிரியில் யானே ஒன்று அமைத்தேன்.

"ஒரு நகரின் கடைத்தெருவிற் புதிய விளக்குகள் நாட்டப்பெற்றன. அதற்கு அடுத்த ஆண்டில், அத்தெருவில் இரவிற் பொருள் களவு போயிற்று என்று காவல் நிலையத்திற்கு வந்த முறையீடுகள் முன்னாண்டிற் பாதியாகக் குறைந்தன. ஆகவே அவ்விளக்குகள் அத்தெருவில் இரவுக் களவைக் குறைத்தன." இவ்வாதத்திற்கு இன்றியமையாத துணைக்கூற்று யாது?

(அ) இரவுக் களவைக் குறைப்பதற்கு விளக்கினும் சிறந்த வழி வேறில்லை.

(ஆ) பொருளிழந்தோர் முறையிடுவது முன்னிலும் அருகியமை மட்டுமே முறையீடு குறைந்ததற்கு முழுக் காரணம் அன்று.

(இ) விளக்கு நாட்டப்பெறும் எத்தெருவிலும் இரவுக் களவு குறையும்.

(ஈ) விளக்கு நாட்டப்பெறாத பிற தெருக்களில் அவ்வாண்டில் இரவுக் களவு குறையவில்லை.

(உ) அவ்வாண்டிற் கடைக்காரருள் எவரும் புதிய பூட்டு வாங்கவில்லை.

அவர் சற்றும் தயங்காது (ஈ) என்றார். காரணம் கேட்டேன். "பிற தெருக்களிற் குறையாமல் இத்தெருவில் மட்டும் குறைந்தது என்றால் விளக்கே காரணம் என்பது வலியுறுகின்றது" என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. ஆனால் வினா அதனைக் கேட்கவில்லை! வாதத்திற்கு வலிமை தருவது வேறு. வாதம் உயிர் வாழ இன்றியமையாதது வேறு. தூணுக்குப் பூசிய சுண்ணமும் தூணை ஓரளவு காக்கும். ஆயினும் அதனைச் சுரண்டி எடுத்தாற் கூரை விழுவதில்லை.

இதற்கு ஓர் உரைகல் உண்டு. விடைக்கூற்றை எதிர்மறையாக்கி வாதத்தின்மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். வாதம் வீழ்ந்தால் அதுவே விடை. (ஈ)-ஐ மறுப்போம்: பிற தெருக்கள் சிலவற்றிலும் களவு குறைந்தது. அதனால் யாது? அங்கே காவலர் மிகுதியாக உலவியிருக்கலாம். இங்கே விளக்கு தன் வேலையைச் செய்திருக்கலாம். வாதம் சற்றே தளர்கின்றது, வீழவில்லை. (அ)-வை மறுப்போம்: விளக்கினும் சிறந்த வழி ஒன்று உண்டு. இருக்கட்டுமே, விளக்கும் குறைத்திருக்கலாம். (உ)-வை மறுத்தால், எவரோ ஒரு கடைக்காரர் ஒரு பூட்டு வாங்கினார் என்றாகும். ஒரு பூட்டினால் முறையீடு பாதியாகிவிடுமோ? 'எவரும்', 'எத்தெருவிலும்' போன்ற முற்றுச் சொற்களைக் கண்டவிடத்து இவ்வகை வினாவில் ஐயுறுதல் நலம்.

(இ) வேறொரு வகையில் ஏமாற்றுவது. அது மெய்யாயின் முடிவு தானே பெறப்படும். அதனாற் பலர் அதனை நோக்கி ஓடுவர். ஆனால் இத்தெருவிற் குறைந்தது என்று சொல்ல, உலகத்துத் தெருக்களையெல்லாம் பற்றி உறுதி கூறவேண்டிய தேவை உண்டோ? மற்றொரு தெருவில் விளக்கு பயனற்றுப் போயினும் நம் வாதம் நிற்கும். (இ) போதுமானது, இன்றியமையாததன்று. முன்னே ஏரியும் மழையுமாக வந்த மயக்கமே இங்கே வேறு வேடம் பூண்டு வந்தது.

எஞ்சிய (ஆ)-வை மறுப்போம்: முறையிடுவது அருகியமையே முறையீடு குறைந்ததற்கு முழுக் காரணம். அப்படியாயின் களவு முன்போலவே நடந்துகொண்டிருந்தது; மக்கள் காவல் நிலையத்திற்குச் செல்லுதலையே விட்டொழித்தனர். வாதம் அடியோடு சாய்ந்தது. வாதத்தின் முதலில் 'முறையீடு' என்றும் முடிவிற் 'களவு' என்றும் சொல் மாறியிருப்பதைக் கவனித்தவர்க்கு இவ்விடை முன்னரே தோன்றியிருக்கும். கடு வினாவின் உள்ளீடு பெரும்பாலும் இத்தகைய ஒரு சொல் மாற்றத்திலேயே ஒளிந்திருக்கும். இரண்டு சொற்களும் அன்றாட வழக்கில் ஒன்றுபோல் ஒலிப்பதே அதன் தந்திரம்.

இதன் பின் மூன்று புத்தகங்களையும் திறந்து, சிவப்புக்குறி பெற்ற வினாக்களை மட்டும் எடுத்து, "இவ்விடையை ஏன் தெரிந்தெடுத்தீர்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே சென்றேன். மாலைக்குள் உண்மை வெளிப்பட்டது. பிழைகள் பலவாயினும் அவற்றின் வேர்கள் மூன்றே. இன்றியமையாதது கேட்ட இடத்தில் வலிமை தருவதைக் கொடுத்தல் ஒன்று. 'சில' என்றிருந்ததைப் 'பெரும்பாலான' என்று படித்தல் மற்றொன்று. மூன்றாவது, வினாவில் இல்லாத தம் உலக அறிவைக் கொண்டுவந்து புகுத்தல். அதே மூன்று பிழைகளை நாள்தோறும் நாற்பது வினாக்களில் அவர் பழகிப் பழகி உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார்! விடைத்தாளைப் பார்த்தவுடன் "ஆம், ஆம், அதுதான்" என்று தலையசைத்துப் பக்கத்தைப் புரட்டியமையே கேடு. விளக்கத்தைப் படிக்கும்பொழுது எல்லாம் விளங்கினாற்போல் இருக்கும். அஃது எழுதியவரின் அறிவேயன்றிப் படிப்பவரின் அறிவன்று.

மூன்றாவது பிழையைப் பற்றி ஒரு சொல். நல்ல வாசிப்பும் இரக்கமும் உடைய மாணவரே இதற்கு மிகுதியாக ஆளாகின்றனர். மருந்தைப் பற்றி ஒரு வாதம் வந்தால், தம் வீட்டில் ஒருவர்க்கு அம்மருந்து பயன்படாமற் போனமை நினைவிற்கு வந்துவிடும். நியாயஸ்தலத்தில் எதிரியின் சான்றையே பொய்யென்று தாக்கலாம். இப்பரீட்சையிலோ கொடுத்த சான்றைப் பெரும்பாலும் மெய்யென ஒப்புக்கொண்டு, அதினின்று முடிவிற்குச் செல்லும் பாதையை மட்டுமே சோதித்தல் வேண்டும். சட்டம் பயில விரும்புவோர்க்கு இது சற்று முரணாகத் தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றுகின்றது. ஆயினும் சான்றையும் பாதையையும் வேறு வேறாகக் காணக் கற்றவரே பின்னர் இரண்டையும் செவ்வையாகத் தாக்க வல்லவராவர்.

அதன்மேற் பயிற்சி முறையை மாற்றினோம். நாற்பது வினா ஐந்தாயிற்று. முதலிற் கடிகாரம் வைத்து விடை குறித்தல். ஐயம் தோன்றிய வினாவிற்கு ஒரு புள்ளி இடுதல். பிறகு விடைத்தாளைத் திறவாமலே, காலவரையறை இன்றி, அவ்வைந்தையும் மறுபடி ஆராய்ந்து இரண்டாம் விடை குறித்தல். அதன் பின்னரே விடைத்தாள். இரண்டு முறையும் தவறியிருந்தால் கருத்தே விளங்கவில்லை என்பது பொருள். முதன்முறை தவறி இரண்டாம் முறை சரியாயின் விரைவினால் வந்த பிழை. இவ்விரு நோய்க்கும் மருந்து வேறு. இறுதியாக, தவறிய வினாவிற்குத் தம்மை ஈர்த்த விடை எந்தச் சொல்லினால் ஈர்த்தது என்று தம் சொந்த நடையில் இரண்டு வரி எழுதுதல். இந்த இரண்டு வரியே அவர்க்கு எல்லாவற்றினும் கடினமாக இருந்தது. தன் பிழைக்குத் தானே காரணம் எழுதுவது எவர்க்குத்தான் இனிக்கும்?

வினாக்களைப் பொறுத்தவரை, பரீட்சையை நடத்தும் குழு வெளியிட்ட பழைய வினாப் பத்திரங்களையே கொள்ளுதல் வேண்டும். சந்தையில் விற்கும் போலி வினாக்களில் இரண்டு விடைகள் பொருந்துவதும் உண்டு. அவற்றோடு மல்லாடினால் உள்ள அறிவும் கெடும். பரீட்சை மண்டபத்திற்கு ஒரு குறிப்பு போதும்: எளிய வினாவிற்கும் கடிய வினாவிற்கும் மதிப்பு ஒன்றே, தவறான விடைக்குக் கழிவும் இல்லை. ஆகவே ஒரு கடு வினாவிடம் மூன்று நிமிஷம் இழப்பது வீரம் அன்று. ஒன்றைக் குறித்துவிட்டு அப்பாற் சென்று, காலம் எஞ்சினால் மீள்க.

இத்தகைய பயிற்சி அறிவின் கருவியையே மாற்ற வல்லதோ என்று கேட்பார்க்கு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி நகரத்து ஆராய்ச்சியாளர் 2012-இல் வெளியிட்ட ஒரு செய்தி உவப்பளிக்கும். இப்பரீட்சைக்காகச் சுமார் மூன்று மாதம் பயின்ற இளைஞரின் மூளையைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் படம் பிடித்து நோக்கியபொழுது, பகுதிகளை இணைக்கும் வெண்ணிழைகளில் மாற்றம் காணப்பெற்றது. இதனால் எல்லார்க்கும் மதிப்பெண் கூடிவிடும் என்று முடிவு கட்டுவோர், மேற்கூறிய விளக்கு வினாவை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.

என் மாணாக்கர் இன்னும் பரீட்சை எழுதவில்லை. தந்தையாரின் கடன் பற்றிய கவலையும் தீர்ந்தபாடில்லை. ஆனால் சென்ற மாதம் அவரிடமிருந்து வந்த கடிதத்தில், அவர் தாமே இயற்றிய வினா ஒன்று இருந்தது. சரியான விடையை எழுதக் கால்மணி சென்றதாம். பிறரை ஈர்க்கத்தக்க தவறான விடைகள் நான்கையும் எழுத மாலை முழுவதும் கழிந்ததாம். அவ்வினா வருமாறு:

"நம் நகரில் வழக்கறிஞர் இருவர் உளர். சென்ற ஆண்டில் முதல்வர் தாம் நடத்திய வழக்குகளிற் பத்துக்கு ஒன்பது வென்றார். மற்றவர் பத்துக்கு ஐந்தே வென்றார். ஆகவே முதல்வரே வாதத்திறன் மிக்கவர்." இம்முடிவை மிகவும் தளர்த்துவது யாது?

(அ) மற்றவர் முதல்வரினும் குறைந்த கட்டணம் பெறுபவர்.

(ஆ) முதல்வர் நடத்திய வழக்குகளின் தொகை, மற்றவர் நடத்தியவற்றிற் பாதியே.

(இ) வழக்குகளை எளியன, அரியன எனப் பிரித்தால், அவ்விரு வகையிலும் மற்றவரே மிகுந்த விகிதத்தில் வென்றுள்ளார்.

(ஈ) மற்றவர் தோற்ற வழக்குகளுட் சில, மேல் நியாயஸ்தலத்தில் வெற்றி பெற்றன.

(உ) அதற்கு முந்திய ஆண்டில் முதல்வர் பத்துக்கு எட்டே வென்றார்.

முதலில் யான் (ஆ)-வின்மேற் கைவைத்தேன் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். (இ) நடவாத காரியமாக எனக்குத் தோன்றிற்று. இரு வகையிலும் மிகுதியாக வென்றவர் மொத்தத்திற் குறைவாக வெல்வது எங்ஙனம்? ஆனால் மேற்சொன்ன பெர்க்லியிலேயே, 1973-ஆம் ஆண்டுச் சேர்க்கையில், மொத்தத்தில் ஆடவருள் நூற்றுக்கு 44 பேரும் மகளிருள் நூற்றுக்கு 35 பேரும் இடம் பெற்றிருக்க, துறைதுறையாகப் பிரித்து நோக்கியபொழுது மகளிர்க்குப் பாதகமான அவ்வேற்றுமை பெரும்பாலும் மறைந்துபோயிற்று. இடம் கிடைத்தற்கரிய துறைகளையே மகளிர் மிகுதியாக நாடியிருந்தனர். அதனை நினைந்து, என் மாணாக்கரின் வினாவிற்கும் ஒரு கணக்கு வகுத்தேன். இருவர்க்கும் நூறு நூறு வழக்குகள். முதல்வர்க்கு எளியன 95, அவற்றுள் வென்றவை 90. அரியன 5, வென்றது ஒன்றுமில்லை. மற்றவர்க்கு எளியன 20, அவை யாவும் வென்றார். அரியன 80, அவற்றுள் வென்றவை 30. கூட்டிப் பார்த்துக்கொள்க.